ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். ஐரோப்பாவின் வடகோடியில் ஃபின்லாந்து என்னும் சிறு நாடு தெரிகிறது. அதன் தலைநகரம் ஹெல்சிங்கி. படத்தின் வலது ஓரத்தில் ஜப்பான் இருக்கிறது. அதன் தலைநகரம் டோக்கியோ. இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? விமானத்தில் செல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"இதில் என்ன சிரமம்? அளவுகோலை வைத்துத் தூரத்தை அளந்து, விமானத்தின் வேகத்தால் வகுத்தால் விடை வந்துவிடுமே!" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அளவுகோலைப் படத்தின்மேல் வைத்த உடனேயே முதல் பிழை நேர்ந்துவிடும். வகுத்துப் பார்க்கும்போது இரண்டாவது பிழை நேரும். இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே ஒரு விமானம் 2021 இல் ஒன்பதரை மணி நேரத்தில் பறந்தது. 2022 இல் அதே தூரத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் தேவைப்பட்டது. நகரங்கள் நகரவில்லை. விமானத்தின் வேகமும் குறைந்துவிடவில்லை. பின் என்னதான் நடந்தது? படிப்படியாகப் பார்ப்போம்.

தட்டையான படம் செய்யும் தவறு

பூமி ஒரு கோளம். அதன் மேற்பரப்பைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தட்டையான தாளில் பரப்ப முடியாது. ஓர் ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் அழுத்திப் பாருங்கள்; உண்மை விளங்கும். ஆகவே படம் வரைபவர்கள் ஏதேனும் ஓர் அளவை விட்டுக்கொடுத்தே தீர வேண்டும்.

1569 இல் மெர்க்கேட்டர் என்பவர் வெளியிட்ட உலகப் படம் கடலோடிகளுக்கு மிகவும் உதவியது. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் கப்பல் சென்றால், அதன் பாதை இப்படத்தில் நேர்கோடாக அமையும். ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நிலப்பகுதிகள் மேன்மேலும் பெருத்துத் தோன்றும்.

பூமத்திய ரேகையின் நீளம் சுமார் 40,000 கிலோ மீட்டர். ஹெல்சிங்கி அமைந்துள்ள 60 டிகிரி அட்சரேகையின் நீளமோ அதில் பாதிதான். அதாவது 20,000 கிலோ மீட்டர். (கொசைன் 60 டிகிரியின் மதிப்பு அரை என்பதை நீங்கள் அறிவீர்கள்.) ஆனால் மெர்க்கேட்டர் படத்தில் இரண்டு கோடுகளும் ஒரே நீளத்தில் வரையப்பட்டிருக்கும். ஹெல்சிங்கிக்கு அருகே ஒரு சென்டிமீட்டர் காட்டும் தூரம், பூமத்திய ரேகையில் அதே சென்டிமீட்டர் காட்டும் தூரத்தில் பாதியே. இத்தகைய படத்தில் அளவுகோலை வைத்து அளந்தால் விடை எப்படிச் சரியாக வரும்?

நூல் காட்டும் வழி

இப்போது ஒரு பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை ஹெல்சிங்கியிலும் மறுமுனையை டோக்கியோவிலும் வைத்து, நூல் தளராமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் எங்கே செல்கிறது என்று கவனியுங்கள். டோக்கியோ ஹெல்சிங்கிக்குத் தென்கிழக்கே இருப்பதால் நூலும் தென்கிழக்கு நோக்கிச் செல்லும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நூலோ முதலில் வடகிழக்காக ஏறும்! யூரல் மலைகளின் வடகோடிக்கு அருகே ஆர்க்டிக் வட்டத்தையும் சற்றே தாண்டும். அதன் பிறகே தெற்கு நோக்கி வளைந்து, சைபீரியாவைக் குறுக்காகக் கடந்து ஜப்பானை அடையும்.

இழுத்துப் பிடித்த நூல் எப்போதும் மிகக் குறுகிய வழியையே காட்டும். பூமியின் மையத்தின் வழியாக ஒரு தளம் பூமியை வெட்டினால், மேற்பரப்பில் உண்டாகும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். நூல் படிந்திருப்பது அப்பெருவட்டத்தின் ஒரு வில்லில். மெர்க்கேட்டர் படத்தில் இரு நகரங்களையும் இணைத்து நேர்கோடு வரைந்து, அந்தக் கோட்டின் வழியே உண்மையில் பறந்தால் சுமார் 8,750 கிலோ மீட்டர் ஆகும். வளைந்ததுபோல் தோன்றும் பெருவட்டப் பாதையோ இதைவிட 950 கிலோ மீட்டர் குறைவு.

உங்கள் உருண்டையின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர். 94 சென்டிமீட்டர் 40,000 கிலோ மீட்டரைக் குறிப்பதால் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 425 கிலோ மீட்டருக்குச் சமம். நூலின் நீளம் 18 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். பெருக்கிப் பாருங்கள்.

கணக்கிட்டும் காணலாம்

நூலும் உருண்டையும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. இரு நகரங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும். முழு எண்களாக எடுத்துக்கொள்வோம்.

ஹெல்சிங்கி: வடக்கு 60 டிகிரி, கிழக்கு 25 டிகிரி.
டோக்கியோ: வடக்கு 36 டிகிரி, கிழக்கு 140 டிகிரி.
தீர்க்கரேகை வேறுபாடு: 140 − 25 = 115 டிகிரி.

பூமியின் மையத்தில் இவ்விரு நகரங்களும் உண்டாக்கும் கோணத்தை 'கோ' என்று அழைப்போம். கோளத் திரிகோணமிதி தரும் சூத்திரம் இது:

கொசைன் கோ = (இரு அட்சரேகைகளின் சைன்களின் பெருக்கம்) + (இரு அட்சரேகைகளின் கொசைன்களின் பெருக்கம் × தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன்)

எண்களை இடுவோம்.

சைன் 60 × சைன் 36 = 0.8660 × 0.5878 = 0.5090
கொசைன் 60 × கொசைன் 36 = 0.5000 × 0.8090 = 0.4045
கொசைன் 115 = −0.4226 (115 டிகிரி செங்கோணத்தைவிடப் பெரியது, ஆகவே குறைக் குறி.)
கொசைன் கோ = 0.5090 − (0.4045 × 0.4226) = 0.5090 − 0.1709 = 0.3381

அட்டவணையைப் பார்த்தால் இதற்கு உரிய கோணம் சுமார் 70.24 டிகிரி. பெருவட்டத்தின் 360 டிகிரிக்கு 40,000 கிலோ மீட்டர் என்றால் ஒரு டிகிரிக்கு 111 கிலோ மீட்டர். எனவே,

தூரம் = 70.24 × 111 = சுமார் 7,800 கிலோ மீட்டர்.

விமானம் தரையில் ஊர்வதில்லையே, பதினொரு கிலோ மீட்டர் உயரத்தில் அல்லவா பறக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த உயரத்தில் வட்டத்தின் ஆரம் 6,371 கிலோ மீட்டரிலிருந்து 6,382 கிலோ மீட்டராக உயருகிறது. இதனால் 7,800 கிலோ மீட்டரில் கூடுவது வெறும் 13 கிலோ மீட்டர். ஒரு நிமிடப் பறப்பு! இதைத் தள்ளிவிடலாம்.

இன்றைய பெரிய ஜெட் விமானம் மணிக்கு சுமார் 900 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கிறது. 7,800 ஐ 900 ஆல் வகுத்தால் 8 மணி 40 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும் நேரம் வேண்டும். வான்வழிகள் சரியாகப் பெருவட்டத்தின்மேல் அமைவதும் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்தால் 9 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட நேரம் கிடைக்கும். நாம் முதலில் சொன்ன ஒன்பதரை மணி நேரம் இப்படி வந்ததுதான்.

ஆகாயத்தில் ஓர் ஆறு

நமது கணக்கில் காற்று என்ற ஒன்றையே நாம் சேர்க்கவில்லை. ஆற்றோட்டத்தோடு படகு விடுபவனும் எதிர்த்து விடுபவனும் ஒரே நேரத்தில் கரைசேர்வதில்லை. வானத்திலும் அப்படியே.

டோக்கியோவுக்கு வடகிழக்கே தத்தேனோ என்னுமிடத்தில் 1920களில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இயங்கியது. அதன் தலைவர் ஓயிஷி வசபுரோ. அவர் சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, தொலைநோக்கியால் அவற்றைப் பின்தொடர்ந்து, உயரத்துக்கு உயரம் காற்றின் வேகத்தை அளந்தார். குளிர்காலத்தில் ஒன்பது பத்து கிலோ மீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிகப் பலத்த காற்று வீசுவதை அவர் கண்டார். தம் முடிவுகளை உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று விரும்பி, 1926 இல் எஸ்பெராண்டோ என்னும் செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார். அந்தோ, அம்மொழியைப் படித்தவர்கள் மிகச் சிலரே! 1944 இன் இறுதியில் டோக்கியோவின்மேல் பறந்த அமெரிக்கக் குண்டு விமானங்களின் ஓட்டிகள் இந்தக் காற்றில் சிக்கித் திகைத்தபோதுதான் அதன் வலிமை வெளியுலகுக்கு உறைத்தது. இன்று இதனை ஜெட் காற்றோட்டம் என்கிறோம்.

பகையாகத் தோன்றிய காற்றை நண்பனாக்கிக்கொண்டது பயணிகள் விமானம். 1952 நவம்பரில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து கிழக்கு நோக்கி ஹோனலூலுவுக்கு இக்காற்றோட்டத்தில் ஏறிப் பறந்தது. வழக்கமாகப் பதினெட்டு மணி நேரம் எடுக்கும் பயணம் பதினொன்றரை மணியில் முடிந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு. மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். 7,800 கிலோ மீட்டர் தூரத்தைக் காற்றோடு கடக்கும் விமானத்தின் வேகம் 1,000. நேரம் 7 மணி 48 நிமிடம். எதிர்த்துத் திரும்பும்போது வேகம் 800. நேரம் 9 மணி 45 நிமிடம். மொத்தம் 17 மணி 33 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போய்வர 17 மணி 20 நிமிடம்தான் ஆகும். போகும்போது கிடைத்த லாபம் திரும்பும்போது ஈடாகிவிடும் என்று நினைப்பது தவறு. ஏன்? எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால் அந்தக் காற்றில் இருக்கும் நேரமும் அதிகம். ஆகவே காற்று கொடுப்பதைவிடப் பறிப்பதே மிகுதி.

வானத்துக்கும் எல்லை உண்டு

பெருவட்டம் கணிதத்தின் பாதை. ஆனால் ஒவ்வொரு நாட்டின் நிலத்துக்கும் மேலுள்ள வான்வெளி அந்த நாட்டுக்கே உரியது. அதன் அனுமதியின்றி வேற்று நாட்டு விமானம் அதில் நுழைய முடியாது. ஹெல்சிங்கி–டோக்கியோ நூலை மீண்டும் பாருங்கள். நூலின் பெரும்பகுதி ஒரே நாட்டின்மேல் கிடக்கிறது. அந்த நாடு ரஷியா. முன்பு சோவியத் ஒன்றியம்.

அந்த வாசல் மூடியிருந்த காலத்தில் ஐரோப்பிய விமானங்கள் வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு சென்றன. 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ செல்லும் துருவப் பாதையைத் தொடங்கியது. 1983 ஏப்ரலில் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் எங்கும் இறங்காமல் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பறந்தது. அதுவும் வடதுருவத்தின் வழியாகத்தான். பயண நேரம் ஏறத்தாழ பதின்மூன்று மணி.

மூடிய வாசல் எவ்வளவு ஆபத்தானது என்பதை அதே 1983 இன் செப்டம்பர் 1 ஆம் நாள் உலகம் கண்டது. ஆங்கரேஜிலிருந்து சியோல் நகருக்குப் பறந்த கொரிய விமானம் ஒன்று தன் வழியிலிருந்து சில நூறு கிலோ மீட்டர் விலகி, அறியாமலே சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர். செயற்கைக் கோள்களைக் கொண்டு இடமறியும் அமெரிக்கத் திட்டம் பொதுமக்களின் விமானங்களுக்கும் கிடைக்கும் என்று அம்மாதமே அமெரிக்க அதிபர் ரேகன் அறிவித்தார். இன்று நம் கைப்பேசி வழி காட்டுவதும் அத்திட்டத்தால்தான்.

பிற்காலத்தில் சைபீரியாவின் வானம் திறந்தது. நூல் காட்டிய வழியில் விமானங்கள் பறந்தன. பதின்மூன்று மணி ஒன்பதரை மணியாகச் சுருங்கியது. ஆனால் 2022 பிப்ரவரியில் ரஷியா உக்ரைன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷிய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. ரஷியாவும் பதிலுக்குத் தன் வானத்தை மூடியது. மார்ச் மாதத்தில் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சென்ற விமானம் மறுபடியும் வடதுருவத்தை நாடியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாதை. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நேரம்!

இந்தச் சுற்றுவழி எவ்வளவு நீளம்? மூன்று துண்டுகளாகக் கணக்கிடுவோம். ஹெல்சிங்கியிலிருந்து துருவம் 30 டிகிரி. அதாவது 3,330 கிலோ மீட்டர். துருவத்திலிருந்து அலாஸ்காவின் மேற்கே உள்ள அலூஷியன் தீவுகள் வரை சுமார் 38 டிகிரி. 4,220 கிலோ மீட்டர். அங்கிருந்து டோக்கியோ சுமார் 4,270 கிலோ மீட்டர். கூட்டினால் 11,820. வளைவு நெளிவுகளையும் சேர்த்தால் 12,000 கிலோ மீட்டருக்குக் குறையாது. இதை 900 ஆல் வகுத்தால் பதின்மூன்று மணிக்கு மேல்!

மற்றொரு சுற்றுவழி தெற்கே உள்ளது. போலந்து, துருக்கி, ஜார்ஜியா, அஸர்பைஜான், கஸகஸ்தான், சீனா, கொரியா என்று பல நாடுகளைத் தாண்டி அது டோக்கியோவை அடைகிறது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் ஓயிஷி கண்ட காற்று மீண்டும் வருகிறது. டோக்கியோ செல்லும்போது தெற்குப் பாதையில் கிழக்கு நோக்கிப் பறந்தால் காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது டோக்கியோவிலிருந்து பசிபிக் கடலின்மேல் மீண்டும் கிழக்கு நோக்கியே பறந்து, அலாஸ்கா, வடதுருவம் வழியாக ஹெல்சிங்கியை அடைந்தால் அப்போதும் காற்று துணை நிற்கும். 2022 க்குப் பிறகு விமானங்கள் பல நாட்கள் இவ்வாறே பறந்திருக்கின்றன. அத்தகைய நாட்களில் போய்வந்த பயணி, தாம் அறியாமலே உலகை ஒரு சுற்றுச் சுற்றிவந்திருப்பார்!

கூடுதலான தூரம் என்பது கூடுதலான நேரம் மட்டுமன்று. கூடுதலான எரிபொருளைச் சுமக்க வேண்டும். அந்த எடைக்கு ஈடாகச் சரக்கைக் குறைக்க வேண்டும். துருவத்தின் கடுங்குளிரில் இறக்கைகளுக்குள் இருக்கும் எரிபொருள் உறையும் நிலையை நெருங்காதபடி விமானிகள் அதன் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடிகாரம் சொல்லும் கதை

இனி ஒரு புதிர். குளிர்காலத்தில் டோக்கியோவின் கடிகாரம் ஹெல்சிங்கியின் கடிகாரத்தைவிட 7 மணி முன்னே இருக்கும். திங்கட்கிழமை மாலை 5.30 மணிக்கு நீங்கள் ஹெல்சிங்கியிலிருந்து துருவப் பாதையில் புறப்படுகிறீர்கள். 13 மணி நேரப் பறப்பு. டோக்கியோவில் இறங்கும்போது உங்கள் கைக்கடிகாரம் செவ்வாய் காலை 6.30 காட்டும். 7 மணி கூட்டினால் டோக்கியோவில் செவ்வாய் பிற்பகல் 1.30.

ஆனால் துருவத்தைத் தாண்டிய பின் நீங்கள் அலாஸ்காவிலிருந்து மேற்கு நோக்கி அல்லவா வருகிறீர்கள்? மேற்கே செல்லும் பயணி கடிகாரத்தைப் பின்னே தள்ள வேண்டும். ஹெல்சிங்கியிலிருந்து மேற்கு வழியாக எண்ணினால் டோக்கியோ 17 மணி பின்னே இருக்கும். செவ்வாய் காலை 6.30 இலிருந்து 17 மணி கழித்தால் திங்கள் பிற்பகல் 1.30. புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டீர்களா? இல்லை! பசிபிக் கடலில் நீங்கள் பன்னாட்டுத் தேதிக் கோட்டை மேற்கு நோக்கிக் கடந்திருக்கிறீர்கள். ஒரு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். திங்கள் செவ்வாயாக மாறும்; இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும். எந்த வழியாகச் சென்றாலும் டோக்கியோவின் நேரம் ஒன்றுதான் அல்லவா?

ஆகவே நண்பர்களே, 'எவ்வளவு தூரம்' என்பதற்கு விடை ஒன்றே. அதைப் பூமியின் உருவம் நிர்ணயிக்கிறது. எவராலும் மாற்ற முடியாது. 'எவ்வளவு நேரம்' என்பதற்கு விடை பல. அதைக் காற்றும், விமானத்தின் திறனும், நாடுகளின் நட்பும் பகையும் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே மூன்றரை மணி நேரத்தைக் கூட்டியது எந்த மலையும் கடலும் அல்ல, ஒரு போர்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஈக்வடாரின் கீட்டோ நகரமும் உகாண்டாவின் கம்பாலா நகரமும் ஏறத்தாழ பூமத்திய ரேகையின்மேலேயே உள்ளன. கீட்டோ மேற்கு 78½ டிகிரி. கம்பாலா கிழக்கு 32½ டிகிரி. இவற்றின் தூரத்தைக் காண்க. இங்கே சைன், கொசைன் தேவையில்லை. ஏன்?

2. இரு நகரங்களின் தூரம் 6,300 கிலோ மீட்டர். விமானத்தின் வேகம் 900. காற்றின் வேகம் 150. போகும்போது காற்று துணை, வரும்போது எதிர். மொத்த நேரம் என்ன? காற்று இல்லாவிட்டால் என்ன?

3. டோக்கியோவில் குளிர்கால வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குப் புறப்பட்ட விமானம் 13 மணி நேரம் பறந்து ஹெல்சிங்கியை அடைகிறது. அங்கே அப்போது கிழமை என்ன? மணி என்ன?

விடைகள்: (1) 111 × 111 = 12,321 கிலோ மீட்டர்; பூமத்திய ரேகையே ஒரு பெருவட்டம். (2) 14 மணி 24 நிமிடம், 14 மணி. (3) சனிக்கிழமை காலை 4 மணி.